கேளுங்கள், பெர்லினிலிருந்து சொல்கிறேன்

வெளிநாட்டில் வணிகமும் தொடர்பியலும் சேர்த்துப் படிப்பது பற்றி இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பெர்லினைக் குறித்தவை. அங்கே இதே துறையில் முதுகலை முடித்து, இப்போது ஒரு நிறுவனத்தின் செய்தித் தொடர்புப் பிரிவில் பணியாற்றும் நம் வாசகி ஒருவர் பதில் சொல்கிறார்.

கே: பி.காம். முடித்திருக்கிறேன். வணிகத் தொடர்பியலில் முதுகலை படிக்க ஆசை. பெர்லினில் எல்லோரும் ஆங்கிலம் பேசுவார்கள், ஜெர்மன் தேவையே இல்லை என்கிறார் ஏஜென்ட். நம்பலாமா அக்கா?

ப: ஏஜென்ட் சொன்னதில் பாதி உண்மை. முழுப் பொய்யாக இருந்திருந்தால் நீங்களே கண்டுபிடித்திருப்பீர்கள். பெர்லினில் ஆங்கிலம் தாராளமாகப் புழங்குகிறது. இங்குள்ள உணவகங்களில் பரிமாறுகிறவர்கள் ஆங்கிலம் மட்டுமே பேசுகிறார்கள் என்று 2017இல் யென்ஸ் ஷ்பான் என்ற அரசியல்வாதி எரிச்சல்பட்டது செய்தியாகவே வந்தது. மென்பொருள் எழுதுகிறவர்கள் ஆண்டுக்கணக்கில் ஆங்கிலத்திலேயே காலம் தள்ளுவதை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் நீங்கள் படிக்க நினைப்பது தொடர்பியல். இதில் மொழிதான் சரக்கு. சரக்கு இல்லாமல் கடை விரிக்க முடியாது.

என் கதையைச் சொல்கிறேன். நான் ஜெர்மன் மொழியின் உயர்நிலைத் தேர்வான சி1இல் தேறிய கையோடு வந்தவள். சான்றிதழ் வந்துவிட்டது, எனவே ஜெர்மன் வந்துவிட்டது என்று எனக்கு நினைப்பு. இரண்டாம் செமஸ்டரில், மிட்டே பகுதியில், நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் ஒரு தொழில்துறைச் சங்கத்தின் செய்தித் தொடர்பு அலுவலகத்தில் பயிற்சி வேலை கிடைத்தது. தலைநகரம் என்பதால் இப்படிப்பட்ட சங்கங்கள் இங்கே தெருவுக்குத் தெரு இருக்கின்றன. ஒருநாள் என் மேலதிகாரி இரண்டு பத்திரிகையாளர்களைக் காலை உணவுக்கு அழைத்திருந்தார். குறிப்பெடுப்பது என் வேலை. பேச்சின் நடுவில் அவர் குரலைச் சற்றுத் தாழ்த்தி, “உன்டர் டிரை” என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்தார். உன்டர் என்றால் கீழே. டிரை என்றால் மூன்று. மூன்று மணிக்குள் முடித்துவிட வேண்டும் என்கிறாரோ என்று நினைத்துக்கொண்டேன். அதன் பிறகு அவர் சொன்னவைதான் சுவையாக இருந்தன; ஒன்றுவிடாமல் எழுதினேன். மாலையில் அழகாகத் தட்டச்சு செய்து, அஞ்சல் பட்டியலில் இருந்த பன்னிரண்டு பேருக்கும் அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் அவர் கத்தவில்லை. கதவைச் சாத்திவிட்டு ஒரு தாளில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதினார். ஒன்று என்றால் பெயரோடு மேற்கோள் காட்டலாம். இரண்டு என்றால் செய்தியைப் போடலாம், பெயர் கூடாது. நம் பத்திரிகைகளில் ‘தகவலறிந்த வட்டாரங்கள்’ என்று வருமே, அது. மூன்று என்றால் காதோடு சரி, அச்சில் வரவே கூடாது. இது 1949இல் தொடங்கிய பூண்டஸ்பிரெஸ்ஸெகான்ஃபெரென்ஸ் என்ற பத்திரிகையாளர் சங்கத்தின் விதிகளில் இருக்கும் ஏற்பாடு. (அந்தச் சங்கமே ஒரு விநோதம். அரசு கூட்டம் போட்டுப் பத்திரிகையாளர்களை அழைப்பதில்லை. பத்திரிகையாளர்கள் தங்கள் அரங்குக்கு அரசின் செய்தித் தொடர்பாளர்களை வாரத்தில் மூன்று நாள் வரவழைத்துக் கேள்வி கேட்கிறார்கள். அமைச்சரும் அங்கே விருந்தாளிதான்.) ‘உன்டர் டிரை’ எந்தத் தேர்வுப் புத்தகத்திலும் இல்லை. பெர்லினில் செய்தித் துறையில் இருக்கும் எல்லோருக்கும் அது தெரியும்.

ஜெர்மன் வழிப் படிப்புக்குப் பெரும்பாலும் டெஸ்ட்டாஃப் என்ற ஜெர்மன் மொழித் தேர்வின் நான்கு பகுதிகளிலும் நான்காம் நிலையோ, டிஎஸ்ஹெச் என்ற இன்னொரு மொழித் தேர்வின் டிஎஸ்ஹெச்-2 சான்றிதழோ கேட்பார்கள். ஆங்கில வழிப் படிப்பில் சேருவதானால் கேட்க மாட்டார்கள். கேட்கவில்லை என்பதற்காக விட்டுவிடாதீர்கள். விமானம் ஏறும்போது, சி1க்கு ஒரு படி கீழே உள்ள பி2வாவது கையில் இருக்கட்டும். இங்கே வந்து படித்துக்கொள்ளலாம் என்று வந்தவர்களில் பலர், ஆங்கிலம் பேசும் நண்பர்கள் கிடைத்த மறு வாரமே அதை மறந்துவிட்டார்கள்.

கே: என் மகனுக்குப் பெர்லினில் உள்ள ஒரு கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. வணிகம் மற்றும் தொடர்பியல், மூன்றாண்டுப் படிப்பு, மொத்தம் 36,000 யூரோ கட்டணம். அரசு அங்கீகாரம் பெற்றது என்று விளக்கப் புத்தகத்தில் போட்டிருக்கிறது. ஜெர்மனியில் கல்வி இலவசம் என்றல்லவா கேள்விப்பட்டேன்? குழப்பமாக இருக்கிறது.

ப: ஐயா, இரண்டு சொற்களைப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும். ‘ஷ்டாட்லிஷ்’ என்றால் அரசுடையது. ‘ஷ்டாட்லிஷ் அனெர்கான்ட்’ என்றால் அரசு அங்கீகரித்தது. முதலாவது அரசுப் பல்கலைக்கழகம். இரண்டாவது பெரும்பாலும் தனியார். அங்கீகாரம் போலியல்ல, பட்டமும் செல்லும். ஆனால் புத்தகத்தைக் கையில் எடுக்கும் பெற்றோரின் கண் ‘அரசு’ என்ற சொல்லிலேயே நின்றுவிடும் என்று எழுதியவருக்குத் தெரியும். அவரும் வணிகத் தொடர்பியல் படித்தவராகத்தான் இருப்பார்!

பெர்லினின் அரசுப் பல்கலைக்கழகங்களில் இளங்கலைக்குக் கல்விக் கட்டணம் இல்லை. தொழில் அனுபவம் கேட்கும் சில சிறப்பு முதுகலைப் படிப்புகளுக்கு மட்டும் வாங்குகிறார்கள். மற்றபடி ஒவ்வொரு செமஸ்டருக்கும் ஒரு தொகை கட்ட வேண்டும். அது 300 யூரோவுக்கும் 400 யூரோவுக்கும் இடையில் இருக்கும். அதில் பெரும்பங்கு பஸ், ரயில் பயணச் சீட்டுக்குப் போய்விடுகிறது. நகரத்தில் ஓடும் ரயில் மட்டுமல்ல, நாடு முழுவதும் உள்ளூர் ரயில்களில் போகலாம் என்பதால் வயிறு எரியத் தேவையில்லை.

உங்கள் மகனின் துறைக்கே அரசு நிறுவனங்கள் இருக்கின்றன. ஹெச்டிடபிள்யூ பெர்லினில் ‘விர்ட்ஷாஃப்ட்ஸ்கொமுனிகாட்சியோன்’ என்ற பெயரிலேயே இளங்கலை இருக்கிறது. பெயருக்கு வணிகத் தொடர்பியல் என்றே பொருள். கலைப் பல்கலைக்கழகமான உடெகா பெர்லினில் சமூகத் தொடர்பும் வணிகத் தொடர்பும் சேர்ந்த படிப்பு உண்டு. ஓவியரும் இசைக் கலைஞரும் படிக்கும் இடத்தில் விளம்பரமும் சந்தையும் படிப்பது தனி அனுபவம். நுழைவதற்குத் திறனறித் தேர்வு எழுத வேண்டும். ஃப்ரையே பல்கலைக்கழகத்தில் இருப்பது தொடர்பியல் ஆய்வு, கோட்பாடு அதிகம். இவை ஜெர்மன் வழியில் நடப்பவை. ஹெச்டபிள்யூஆர் பெர்லினில் பன்னாட்டு மேலாண்மைக்கு ஆங்கில வழி உண்டு. அதில் வணிகம் தூக்கலாக இருக்கும்.

தனியார் கல்லூரிதான் என்று முடிவு செய்தால், பணம் கட்டும் முன் ஒன்றை எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள்: வாரத்தில் எத்தனை நாள் வகுப்பறையில் நேரில் பாடம்? படிப்புக்கான வசிப்பு அனுமதி நேரில் நடக்கும் படிப்புக்குத்தான். பெரும்பகுதி இணையத்தில் என்றால், ‘இதை உங்கள் ஊரிலிருந்தே படிக்கலாமே’ என்று அதிகாரி கேட்பார். அதற்கு உங்கள் மகனிடம் பதில் இருக்காது. கல்லூரி அரசுடையதா தனியாருடையதா என்று பார்க்க ‘ஹோக்ஷூல்கொம்பாஸ்’ என்ற தளம் இருக்கிறது. ஜெர்மன் உயர்கல்வி நிறுவனங்கள் அத்தனையும் அதில் உண்டு.

கே: பிளஸ் டூ முடித்ததும் நேராகப் பெர்லினில் இளங்கலை சேர முடியுமா?

ப: பொதுவாக முடியாது. பிளஸ் டூவுக்குப் பிறகு இந்தியாவில் அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகத்தில் ஓராண்டு வெற்றிகரமாகப் படித்திருந்தால் அதே துறை சார்ந்த படிப்புக்கு விண்ணப்பிக்கலாம்; அல்லது ஜெர்மனியில் ‘ஷ்டூடியென்கொலெக்’ என்ற ஓராண்டு ஆயத்தப் படிப்பில் தேற வேண்டும். அதோடு, 2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்கள் மாணவர் விசாவுக்கு ஏபிஎஸ் சான்றிதழ் பெற வேண்டும். உங்கள் மதிப்பெண் பட்டியல்கள் உண்மையானவைதாமா என்று சரிபார்த்துத் தரும் சான்றிதழ் அது. இடம் கிடைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இதைத் தள்ளிப்போட்டு ஒரு செமஸ்டரையே இழந்தவர்கள் உண்டு.

கே: 70 சதவீதம் வாங்கியிருக்கிறேன். முதல் வகுப்பு. ஜெர்மனியில் இதற்கு என்ன மதிப்பு?

ப: கணக்குப் போட்டுப் பார்ப்போம். இங்கே 1.0 உச்சம், 4.0 தேர்ச்சியின் விளிம்பு. எண் குறையக் குறைய நல்லது. அதிகபட்ச மதிப்பெண்ணிலிருந்து உங்கள் மதிப்பெண்ணைக் கழியுங்கள்: 100 கழித்தல் 70, 30. அதிகபட்சத்திலிருந்து தேர்ச்சி மதிப்பெண்ணைக் கழியுங்கள்: 40 என்றால், 60. முப்பதை அறுபதால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்டுங்கள். 2.5 வருகிறதா? அதுதான் நீங்கள். தேர்ச்சி மதிப்பெண் 35 என்றால் இன்னும் கொஞ்சம் குறையும். தொடர்பியலுக்குப் போட்டி அதிகம், 2.5ஐ நம்பி ஒரே இடத்துக்கு மட்டும் விண்ணப்பிக்காதீர்கள்.

கே: இந்தப் படிப்பில் உண்மையில் என்னதான் சொல்லிக்கொடுக்கிறார்கள்? கணக்குப் பதிவியலா, கட்டுரை எழுதுவதா?

ப: இரண்டும் உண்டு. முதல் ஆண்டில் இருப்புநிலைக் குறிப்பும் புள்ளியியலும் வந்து மிரட்டும். பொதுவாக ஒரு தேர்வுக்கு மூன்று வாய்ப்புகள்தாம். மூன்றிலும் தவறினால் நாட்டில் வேறெங்கும் அதே படிப்பைத் தொடர முடியாமல் போகலாம். ஆகவே புள்ளியியலை ஏளனமாக நினைத்து வராதீர்கள்.

ஆனால் நான் இன்றும் நினைத்துக்கொள்வது ஒரு வெள்ளிக்கிழமைப் பயிற்சி வகுப்பை. பேராசிரியர் ஒரு மின்சார நிறுவனத்தின் கடிதத்தைப் பெயர் மறைத்துக் கொடுத்தார். ஒன்றரைப் பக்கம். தலைப்பில் ‘பிரைஸ் அன்பாஸுங்’ என்றிருந்தது. விலைச் சரியமைப்பு என்று சொல்லலாம். முதல் பத்தியில் வாடிக்கையாளருக்கு நன்றி, இரண்டாவதில் சுற்றுச்சூழல், மூன்றாவதில் சந்தை நிலவரம். விலை கூடுகிறது என்ற செய்தி இரண்டாம் பக்கத்தின் நடுவில் ஓர் அட்டவணைக்குள் பதுங்கியிருந்தது. “இதைப் படிக்கிற ஒரு மூதாட்டிக்கு அடுத்த மாதம் எவ்வளவு கட்ட வேண்டும் என்று எந்த வரியில் தெரிகிறது?” என்று கேட்டார். எண்ணிப் பார்த்தோம். நாற்பத்தோராவது வரி. அதை முதல் வரிக்குக் கொண்டுவந்து கடிதத்தை எட்டு வரியில் எழுதுவதுதான் பயிற்சி. என்னுடன் படித்தவர்கள் ‘அன்பாஸுங்’ என்ற சொல்லைக் கைவிடவே தயங்கினார்கள். காதுக்குப் பழகிப்போன சொல். எனக்கு அது உடனே பிடிபட்டது. ‘கட்டணச் சீரமைப்பு’ என்று தலைப்புப் போட்ட செய்திகளைத் தமிழில் படித்து வளர்ந்தவள் அல்லவா? கட்டணம் குறைந்ததற்கு அந்தச் சொல்லைப் போட்டு நான் பார்த்ததே இல்லை.

சட்டமும் படிக்க வேண்டும். ஒருவர் படத்தை வெளியிட அவர் சம்மதம் வேண்டும் என்ற விதி இங்கே 1907ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. வணிக இணையதளம் நடத்தினால் ‘இம்பிரெஸ்ஸும்’ என்ற பக்கத்தில் நடத்துகிறவர் பெயர், முகவரி எல்லாம் போட்டாக வேண்டும். விழாவில் எடுத்த கூட்டப் படத்தை நினைத்த மாத்திரத்தில் ஏற்றிவிடும் பழக்கத்தை முதல் மாதத்திலேயே மறக்க வேண்டியிருக்கும்.

கே: இன்ஸ்டாகிராமில் எனக்கு ஓரளவு பின்தொடர்பவர்கள் இருக்கிறார்கள். படித்துக்கொண்டே விளம்பரப் பதிவுகள் போட்டுப் பெர்லினில் செலவைச் சமாளிக்கலாமா?

ப: இப்போதே கேட்டது நல்லதாகப் போயிற்று. மாணவர் அனுமதியில் ஆண்டுக்கு 140 முழு நாள்கள் அல்லது 280 அரை நாள்கள் வேலை செய்யலாம். 2024 மார்ச் வரை இது 120, 240 ஆக இருந்தது. ஆனால் அது ஒரு முதலாளியிடம் சம்பளத்துக்குச் செய்யும் வேலைக்கு. நீங்களே பில் போட்டு வாங்கும் காசு, அது பதிவுக்கு வந்தாலும் வடிவமைப்புக்கு வந்தாலும் மொழிபெயர்ப்புக்கு வந்தாலும், சுயதொழில். அதற்குத் தனி அனுமதி வேண்டும். பெர்லினில் குடியேற்ற அலுவலகத்துக்கு எழுதிக் கேட்க வேண்டும். கேட்டால் தருவதும் உண்டு. கேட்காமல் செய்தால் மாட்டிக்கொள்வது சுலபம், ஏனென்றால் உங்கள் தொழிலே ஊரறியப் பதிவு போடுவதுதான்.

செலவைப் பொறுத்தவரை, விசாவுக்காக முடக்கக் கணக்கில் (மாதாமாதம் ஒரு குறிப்பிட்ட தொகைக்கு மேல் எடுக்க முடியாத வங்கிக் கணக்கு) 2024 செப்டம்பரிலிருந்து ஆண்டுக்கு 11,904 யூரோ காட்ட வேண்டியிருக்கிறது. மாதம் 992 யூரோவாக அது உங்கள் கைக்கு வரும். பெர்லினில் ஓர் அறையின் வாடகையே அதில் பாதியை விழுங்கிவிடலாம். மருத்துவக் காப்பீட்டையும் கழித்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். படிப்பின் பகுதியாகக் கட்டாயமாகச் செய்யும் பயிற்சி அந்த 140 நாளில் சேராது. அதே சமயம், அதற்குக் குறைந்தபட்ச ஊதியச் சட்டமும் பொருந்தாது. பயிற்சி என்றதும் சம்பளம் என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள்.

கே: வீடு பார்த்துவிட்டேன். உரிமையாளர் லண்டனில் இருக்கிறாராம். இரண்டு மாத வாடகையை முன்பணமாக அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புவதாகச் சொல்கிறார். நல்லவராகத் தெரிகிறார்.

ப: அனுப்பாதீர்கள்.

அனுப்பிவிட்டீர்கள் என்றால் இன்றே வங்கியைக் கூப்பிடுங்கள். வீட்டைப் பார்க்காமல், ஒப்பந்தம் கையில் வாங்காமல் பணம் என்ற பேச்சே கூடாது. குடியேறிய 14 நாளுக்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும், அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட ஒரு தாள் தேவை. ‘அந்தத் தாளைத் தருவீர்களா?’ என்று கேட்டுப் பாருங்கள். நல்லவர் காணாமல் போய்விடுவார்.

கே: பெர்லினில் முதல் செமஸ்டர் படிக்கிறேன். பேராசிரியருக்கு ‘ஹாய்’ என்று தொடங்கி, அவர் முதல் பெயரைப் போட்டு மின்னஞ்சல் அனுப்பினேன். இரண்டு வாரமாகப் பதில் இல்லை. கோபித்துக்கொண்டாரா அக்கா? அனுப்பியதை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

ப: கோபம் இருக்காது தம்பி, படித்துவிட்டு, யார் என்று தெரியாமல் விட்டிருப்பார். நீ, நீங்கள் என்ற பேதத்தோடு பிறந்தவர்கள் நாம். ‘டு’, ‘ஸீ’ என்று ஜெர்மனில் அதே பேதம் இருப்பது, ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்களைவிட நமக்குச் சீக்கிரம் விளங்க வேண்டும். ஆனால் நம்முடைய கணக்கு வயது. இங்கே கணக்கு இடம். விளம்பர நிறுவனத்தில் முதல் நாளே முதலாளியை ‘டு’ என்பீர்கள். ஐக்கியா ஜெர்மனியில் வாடிக்கையாளரையே ‘டு’ என்றுதான் அழைக்கிறது. அடுத்த தெருவில் ஓர் அமைச்சகத்தில், இருபது ஆண்டு பக்கத்து மேசையில் இருந்தவர்கள் இன்னும் ‘ஸீ’ போட்டுக்கொண்டிருப்பார்கள். ‘ஸீ’யிலிருந்து ‘டு’வுக்கு இறங்கலாம் என்று சொல்லும் உரிமை மூத்தவருக்கோ மேலவருக்கோதான். உங்கள் பேராசிரியர் அப்படிச் சொல்லவில்லை.

மறுபடியும் எழுதுங்கள். ‘ஸேர் கெயேர்ட்டெர்’ என்று தொடங்கிப் பட்டம், குடும்பப் பெயர், ஒரு காற்புள்ளி. அடுத்த வரியின் முதல் எழுத்துச் சிறிய எழுத்து. ஆங்கிலப் பழக்கத்தில் பெரிய எழுத்தாக விழுந்துவிடும், பார்த்துக்கொள்ளுங்கள். எந்தப் பாடம், எந்த வகுப்பு என்பது பொருள் வரியிலேயே இருக்கட்டும். கேள்வி ஒன்று போதும். நீங்கள் ஐந்து கேட்டிருக்கிறீர்கள். கீழே முழுப் பெயரும் மாணவர் பதிவு எண்ணும்.

பல்கலைக்கழகம் கொடுத்த முகவரியிலிருந்து அனுப்புங்கள். இப்போது பயன்படுத்தும் முகவரியில் உங்கள் பெயருக்குப் பின்னால் இருக்கும் ‘கிங்’கைப் பார்த்துத் திறக்கலாமா வேண்டாமா என்று நானே சற்று யோசித்தேன்.